பானையோடும் பழங்கால உணவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தில்லி ஜன்பத்தில் உள்ள தேசிய அருங்காட்சியகத்தின் ஹரப்பா (சிந்துவெளி நாகரிக) அரங்கைத் தமிழில் விளக்கிச் சொல்லும்போது, முனிர்க்காவிலிருந்தும் மயூர் விஹாரிலிருந்தும் வரும் தமிழ்க் குடும்பங்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளே இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. முத்திரைகளுக்கும் நடன மங்கையின் வெண்கலச் சிலைக்கும் முன்னால் நெடுநேரம் நிற்பவர்கள், பானைகள் வைத்த பேழைகளை விரைந்து கடந்துவிடுகிறார்கள். அதன்பின் "இந்த மக்கள் என்னதான் சாப்பிட்டார்கள்?" என்று கேட்கிறார்கள். அதற்கான விடையில் பெரும்பகுதி அவர்கள் கடந்துவந்த பேழைகளில்தான் இருக்கிறது.

உடைந்த ஓட்டுக்கு ஏன் இவ்வளவு மதிப்பு?

செம்பும் வெண்கலமும் பழையதானால் உருக்கி மறுபடி வார்த்துவிடலாம். மரமும் துணியும் மக்கிப்போகும். சுட்ட களிமண்ணோ உருகுவதுமில்லை, மக்குவதுமில்லை. உடைந்த பானையைத் தூக்கி எறிவதைத் தவிர வேறு வழியில்லை என்பதால், எறிந்த இடத்திலேயே ஆயிரக்கணக்கான ஆண்டுகள் கிடக்கிறது. செல்வர் வீட்டிலும் ஏழை வீட்டிலும் பானை இருந்தது, இரண்டு வீட்டிலும் உடைந்தது. அரசர்களைப் பற்றி அறியக் கல்வெட்டு போதும். அடுப்படியைப் பற்றி அறிய ஓடு வேண்டும்.

அகழாய்வுக் குழியிலிருந்து வரும் ஒவ்வொரு ஓட்டையும் குழி எண், மண்ணடுக்கு எண், ஆழம், நாள் ஆகியவை எழுதிய பையில் போட்டு வைப்பார்கள். பின்னர் கழுவி உலர்த்தி, உட்புறத்தில் மையால் அந்த எண்களைப் பொடி எழுத்தில் எழுதுவார்கள். எந்த அடுக்கில் கிடைத்தது என்று தெரியாத ஓடு, எவ்வளவு அழகாக இருந்தாலும், ஆய்வாளருக்கு அரைப் பயன்தான்.

ஓட்டைப் பார்த்த மாத்திரத்தில் காலத்தைச் சொல்லிவிட முடியுமா?

பழகிய கண்ணுக்கு ஓரளவு முடியும். களிமண்ணின் நயம், சுட்ட விதம், மேற்பூச்சு, விளிம்பின் வளைவு ஆகிய நான்கும் சேர்ந்து காலத்தைக் காட்டும். தடித்த செம்பூச்சின்மேல் கறுப்புக் கோலம் தீட்டிய ஓடு ஹரப்பாவை நினைவூட்டும். மெல்லிய சாம்பல்நிறத்தில் கறுப்புக் கோடுகள் வரைந்த ஓடு, கங்கை யமுனைச் சமவெளியில் ஏறத்தாழ கி.மு. 1200 முதல் 600 வரையிலான காலத்தைச் சேர்ந்தது. கண்ணாடிபோல் மின்னும் வடநாட்டுக் கறுப்பு மெருகு மட்கலம் அதற்கடுத்து வந்து, சுமார் கி.மு. 200 வரை புழங்கியது. இவை எல்லாம் ஒப்பீட்டுக் கணிப்புகளே. ஆண்டுக் கணக்கு வேண்டுமானால், அதே அடுக்கில் கிடைக்கும் கரியைக் கதிரியக்கக் கரிம முறையில் சோதிப்பார்கள். அல்லது பானை கடைசியாகச் சூளையில் சுடப்பட்டதிலிருந்து அதன் மணல் துகள்களில் சேர்ந்த ஆற்றலை வெப்ப ஒளிர்வு முறையில் அளப்பார்கள்.

ஒரு பானையில் சமைத்தார்களா, தானியம் சேமித்தார்களா என்பதை எப்படி அறிகிறார்கள்?

வடிவம் முதல் துப்பு. சமையல் பானைக்கு அடிப்பாகம் உருண்டையாக இருக்கும். மூலை இருந்தால் சூட்டில் அங்கேதான் விரிசல் விடும். சூட்டைத் தாங்குவதற்காகக் களிமண்ணில் மணலையோ உமியையோ கலந்திருப்பார்கள், ஆதலால் உடைந்த முனை சொரசொரப்பாக இருக்கும். உண்கலத்தின் களிமண்ணைச் சலித்து நயமாக்கியிருப்பார்கள்.

கரி படிந்த இடத்தையும் கவனிக்க வேண்டும். நெருப்பிலேயே உட்கார்ந்த பானையின் அடியில் கரி எரிந்துபோய் வெளுத்திருக்கும், வயிற்றைச் சுற்றிக் கரிவளையம் இருக்கும். உட்புறத்தில் அடிப்பிடித்த கரி இருந்தால் அது நல்வாய்ப்பு. கழுவாமல் அப்படியே ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். உள்ளே ஒரே இடத்தில் தேய்மானம் இருந்தால் அகப்பையால் கிளறியிருக்கிறார்கள் என்று கொள்ளலாம்.

செய்முறையையும் ஓடு காட்டிக்கொடுக்கும். உத்தம் நகரில் உள்ள குயவர் குடியிருப்புக்குச் சென்றால், சுழலும் சக்கரத்திலிருந்து அகலை நூலால் அறுத்தெடுப்பதைப் பார்க்கலாம். அறுத்த அடியைத் திருப்பினால் ஒரு புறமாகச் சரிந்த வளைகோடுகள் தெரியும். பழைய கிண்ணங்களின் அடியிலும் இதே கோடுகளைக் காணலாம். இன்று பல வீடுகளில் சக்கரம் மின்சாரத்தில் ஓடுகிறது என்பதைத் தவிர அந்தக் கைவேலையில் பெரிய மாற்றமில்லை.

நாலாயிரம் ஆண்டு மண்ணில் கிடந்த பானையில் உணவு எப்படி மிஞ்சியிருக்கும்?

புதிய மண்சட்டியை வாங்கி வந்தால், வடிகஞ்சி ஊற்றியும் எண்ணெய் தடவியும் சில நாள் பழக்கிய பிறகே குழம்பு வைக்கிறோம். மெருகில்லாத களிமண்ணில் நுண்துளைகள் இருப்பதும் அவை எண்ணெயை உறிஞ்சுவதும் நம் வீட்டார் அனைவருக்கும் தெரிந்ததே. ஒவ்வொரு முறை கொதிக்கும்போதும் உணவின் கொழுப்பு அந்தத் துளைகளில் இறங்குகிறது. உள்ளே இறங்கிய கொழுப்பை நுண்ணுயிர்கள் எளிதில் எட்ட முடிவதில்லை, நீரிலும் அது கரைவதில்லை. சோறும் பருப்பும் அழிந்துபோக, கொழுப்பு மட்டும் சுவருக்குள் தங்கிவிடுவது இதனால்தான்.

ஆய்வகத்தில் முதலில் ஓட்டின் மேற்பரப்பைச் சுரண்டி நீக்குவார்கள். பிறகு இரண்டு கிராம் அளவுக்கு உட்பகுதியைத் தூளாக்கி, கரைப்பானில் ஊறவைத்துக் கொழுப்பைப் பிரித்தெடுப்பார்கள். அதில் பெரும்பாலும் பால்மிட்டிக், ஸ்டியரிக் என்ற இரண்டு கொழுப்பமிலங்கள் இருக்கும். இவை எல்லா விலங்குகளிலும் தாவரங்களிலும் உண்டு என்பதால், இருக்கின்றன என்பது மட்டும் எதையும் நிறுவாது. அவற்றிலுள்ள கரிம ஐசோடோப்புகளின் (எடையில் மட்டும் வேறுபடும் கரிம அணு வகைகளின்) விகிதம்தான் வேறுபடுத்திக் காட்டும். அசைபோடும் விலங்கின் உடல் கொழுப்பு, அதன் பால் கொழுப்பு, பன்றி போன்ற அசைபோடாத விலங்கின் கொழுப்பு ஆகிய மூன்றுக்கும் இந்த விகிதம் வேறு வேறு.

பால் மட்டும் ஏன் தனித்துத் தெரிகிறது என்பது சுவையான செய்தி. பசுவின் மடியால் ஸ்டியரிக் அமிலத்தைத் தானே உருவாக்க முடியாது. மேய்ந்த புல்லிலிருந்த கொழுப்பமிலம் இரைப்பையில் ஸ்டியரிக்காக மாறி, நேரடியாகப் பாலில் போய்ச் சேருகிறது. உடல் கொழுப்பில் இருக்கும் ஸ்டியரிக்கோ மாவுச்சத்திலிருந்து உருவாவது. வந்த வழி வேறாதலால் ஐசோடோப்பு விகிதமும் வேறு. பிரிட்டனின் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் எவர்ஷெட் குழுவினர் 1990களில் நிறுவிய இந்த முறை இன்று உலகெங்கும் கையாளப்படுகிறது.

இதில் ஓர் எச்சரிக்கை. ஓட்டைத் தொட்ட விரலின் கொழுப்பும், போட்டு வைத்த நெகிழிப் பையின் வேதிப்பொருளும் அதே சோதனையில் தென்படும். பழைய குயவர்களோ வீட்டார்களோ பானையைக் கொழுப்புப் பூசிப் பழக்கியிருந்தால் அதுவும் உணவைப்போலவே தெரியும்.

ஹரப்பா மக்கள் மாட்டிறைச்சி உண்டார்களா?

இந்தக் கேள்வியைச் சிலர் தாழ்ந்த குரலிலும் சிலர் சவால் விடும் குரலிலும் கேட்கிறார்கள். விடை இரு குரலுக்கும் ஒன்றுதான்: உண்டார்கள் என்பதற்குச் சான்று வலுவாக இருக்கிறது.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற அக்ஷயதா சூர்யநாராயணனும் அவருடன் பணியாற்றியவர்களும் தில்லிக்கு அருகிலுள்ள ஹரப்பா கால ஊர்களின் 172 பானையோடுகளில் கொழுப்பு எச்சங்களை ஆராய்ந்தார்கள். ஹரியானாவின் ராக்கிகடி, ஃபர்மானா, மசூத்பூர், உத்தரப் பிரதேசத்தில் மீரட் அருகே உள்ள ஆலம்கீர்பூர் ஆகியவை அவற்றுள் அடங்கும். பன்றி போன்ற அசைபோடாத விலங்குகள், மாடு அல்லது எருமை, ஆடு ஆகியவற்றின் கொழுப்பே மேலோங்கித் தெரிந்தது. பால் கொழுப்பு குறைவாகவே இருந்தது. இப்பகுதி ஊர்களில் கிடைத்த வீட்டு விலங்கு எலும்புகளில் சராசரியாகப் பாதிக்கும் மேற்பட்டவை மாடு, எருமையைச் சேர்ந்தவை. ஆட்டெலும்பு சுமார் 10 விழுக்காடு.

இங்கே நிறுத்திக்கொண்டால் தலைப்புச் செய்தி ஆகும், ஆய்வு ஆகாது. பன்றி எலும்புகள் மிகக் குறைவாகக் கிடைத்த இடத்தில் பானைகளில் மட்டும் பன்றிக்கொழுப்பு போன்ற அளவீடு ஏன் மிகுதியாக வருகிறது? தாவர எண்ணெயும் அசைபோடும் விலங்கின் கொழுப்பும் ஒரே பானையில் கலந்தாலும் ஏறத்தாழ அதே அளவீடு வரக்கூடும் என்பதை ஆய்வாளர்களே சுட்டிக்காட்டுகிறார்கள். அத்துடன், இந்த முறை இயல்பாகவே இறைச்சியின் பக்கம் சாய்ந்தது. ஒரு துண்டு இறைச்சி விட்டுச்செல்லும் கொழுப்பில் சிறு பங்கைக்கூடப் பல வேளை பருப்பும் கஞ்சியும் விட்டுச்செல்வதில்லை. ஆகவே பானையில் இறைச்சிக் கொழுப்பு மேலோங்குவதை வைத்து, அவர்கள் நாள்தோறும் இறைச்சியே தின்றார்கள் என்று சொல்ல முடியாது. கொழுப்பே இல்லாத பானையை வைத்து அந்த வீட்டார் சைவர் என்றும் சொல்ல முடியாது.

2020 பிப்ரவரியில் இதே தேசிய அருங்காட்சியக வளாகத்தில் சிந்துவெளி உணவு நிகழ்ச்சி ஒன்று நடந்தபோது, பட்டியலில் இருந்த அசைவ உணவுகள் கடைசி நேரத்தில் நீக்கப்பட்டன. நாளிதழ்களில் அது பேசுபொருளானது. பரிமாறுவதும் விடுவதும் இன்றைய முடிவு. பானைக்குள் இறங்கியது இறங்கியதுதான்.

அப்படியானால் பாலும் நெய்யும் அவர்களுக்குத் தெரியாதா?

நன்றாகத் தெரியும். குஜராத்தின் கட்சுப் பகுதியில் உள்ள கோட்டடா பட்லி என்ற சிற்றூரில் கிடைத்த 59 ஓடுகளை கல்யாண் சேகர் சக்ரவர்த்தி குழுவினர் ஆராய்ந்து, அவற்றில் 21இல் பால் பொருள்களின் எச்சம் இருப்பதை 2020இல் வெளியிட்டார்கள். காலம் ஏறத்தாழ கி.மு. 2500. மாடும் எருமையும் சிறுதானியத் தீவனம் தின்றன என்பதையும், ஆடுகள் சுற்றுப்புறத்துப் புல்லையும் தழையையும் மேய்ந்தன என்பதையும் அவற்றின் பற்களின் ஐசோடோப்புகள் காட்டின. தீவனம் போட்டு மாடு வளர்த்தவர்கள் பாலுக்காகவே வளர்த்திருப்பார்கள் என்பது நியாயமான ஊகம். ஹரியானாவில் பால் குறைவாகத் தெரிவதும் கட்சில் மிகுதியாகத் தெரிவதும் முரண்பாடல்ல. சிந்துவெளி முழுவதற்கும் ஒரே சமையல் இருந்தது என்று எண்ணிக்கொண்டு பார்ப்பதுதான் பிழை. இன்று தஞ்சாவூரிலும் கொங்கு நாட்டிலும்கூட ஒரே சமையல் இல்லை.

"உலகின் முதல் கறிக்குழம்பு" ஹரியானாவில் கிடைத்ததாகப் படித்தோமே?

தில்லிக்கு அருகே ரோத்தக் மாவட்டத்தில் உள்ள ஃபர்மானாவில் வசந்த் ஷிண்டே தலைமையில் அகழாய்வு நடந்தது. அங்கு கிடைத்த பானைகளிலும் மனிதப் பற்களின் காரையிலும் ஸ்டீவ் வெபர், அருணிமா காஷ்யப் இருவரும் மஞ்சள், இஞ்சி ஆகியவற்றின் மாவுத்துகள்களைக் கண்டதாக 2010இல் அறிவித்தார்கள். கொழுப்பு ஆய்வில் தெரியாத கிழங்கும் மசாலாப் பொருளும் மாவுத்துகள் ஆய்வில் தெரியும் என்பதே இதன் சிறப்பு. ஆனால் மாவுத்துகள் காற்றிலும் ஆய்வாளர் உடுப்பிலும்கூடப் பறந்து வரும். ஆகையால் இத்தகைய முடிவுகளை, பல ஊர்களில் மறுபடி கிடைக்கும் வரை, அடக்கமாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். மஞ்சளும் இஞ்சியும் இருந்தன என்பதற்கும் குழம்பு வைத்தார்கள் என்பதற்கும் இடையே ஓர் அடுப்பு தூரம் இருக்கிறது. அந்தக் குழம்பில் மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு மூன்றும் கட்டாயம் இல்லை. அவை அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்ச்சுகீசியர் வருகைக்குப் பின் வந்தவை.

அவர்கள் முக்கியமாக உண்டது சோறா, ரொட்டியா?

இடத்தையும் பருவத்தையும் பொறுத்தது. கருகிய தானியங்களை மண்ணோடு நீரில் கலக்கி மிதக்கவைத்து எடுக்கிறார்கள். கருகியதை நுண்ணுயிர் தின்னாது. மசூத்பூர் போன்ற ஹரியானாச் சிற்றூர்களில் கோதுமை, பார்லியுடன் நெல்லும் சிறுதானியமும் கிடைத்துள்ளன. ராஜஸ்தானின் காளிபங்கனில் 1960களில் நடந்த அகழாய்வில் இன்றைய தந்தூரை ஒத்த அடுப்புகள் வெளிப்பட்டன. கரோல் பாகில் தந்தூரி ரொட்டியைக் குறைகூறும் தமிழர்கள், அந்த அடுப்பின் வயதை நினைத்துச் சற்றுப் பொறுத்துக்கொள்ளலாம்.

எலும்பிலிருந்தும் அறியலாம். நெல், கோதுமை, பார்லி ஒரு வகையாகவும் கம்பு, சோளம், கேழ்வரகு, தினை வேறு வகையாகவும் காற்றிலிருந்து கரிமத்தை எடுக்கின்றன. அந்த வேறுபாடு உண்டவரின் பல்லிலும் எலும்பிலும் பதிகிறது. நம் நாட்டு வெப்பத்தில் எலும்பின் புரதம் பெரும்பாலும் சிதைந்துவிடுவதால், பல்லின் எனாமலையே மிகுதியும் நம்ப வேண்டியிருக்கிறது.

தில்லியின் பழைய கோட்டையான புராணா கிலாவில் கிடைத்த ஓடுகள் பாண்டவர் காலத்தவையா?

தொல்லியலாளர் பி. பி. லால் 1950–52இல் ஹஸ்தினாபுரத்தையும் 1954–55இல் புராணா கிலாவையும் தோண்டினார். மகாபாரதக் கதையோடு தொடர்புள்ள பல ஊர்களில், முன்பு சொன்ன கறுப்புக் கோடிட்ட சாம்பல்நிற ஓவிய மட்கலம் கிடைப்பதை அவர் சுட்டிக்காட்டினார். புராணா கிலாவில் 1969–73இல் நடந்த அகழாய்வு மௌரியர் காலம் முதல் முகலாயர் காலம் வரை தொடர்ச்சியான மண்ணடுக்குகளை வெளிக்கொணர்ந்தது. ஓட்டில் ஊர்ப்பெயரோ குலப்பெயரோ இல்லை. அந்த ஓடு காட்டுவது, யமுனைக் கரையில் மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன் மெல்லிய தட்டிலும் கிண்ணத்திலும் உண்டவர்கள் இருந்தார்கள் என்பதையே. அந்த நயமான கலம் அக்கால ஓடுகளில் சிறு பங்குதான். எஞ்சியவை முரட்டுச் சிவப்புச் சமையல் பானைகள். கண்காட்சிக்கு நயமானது வருகிறது, முரடானது கிடங்கில் கிடக்கிறது. ஹஸ்தினாபுரத்தில் அதே அடுக்கில் கருகிய நெல்லும், வெட்டுத் தழும்போடு கூடிய கால்நடை எலும்புகளும் கிடைத்தன.

தமிழகத்தில் என்ன கிடைத்திருக்கிறது?

நிறைய. பழனிக்கு அருகே பொருந்தலில், கா. ராஜன் நடத்திய அகழாய்வில், நாலு கால் சாடி ஒன்றுக்குள் நெல் கிடைத்தது. அதன் கரிமக் காலம் ஏறத்தாழ கி.மு. 490. சிவகளையில் ஈமத் தாழியில் இருந்த உமி கி.மு. 1155ஐச் சேர்ந்தது என 2021இல் தமிழக அரசு அறிவித்தது. கீழடியில் மாடு, எருமை, ஆடு ஆகியவற்றோடு மான் வகை, காட்டுப்பன்றி, மயில் எலும்புகளும் அடையாளம் காணப்பட்டன. சிலவற்றில் வெட்டுத் தழும்புகள் இருந்தன.

நம் ஊர்க் கறுப்பு-சிவப்பு மட்கலம் இரு நிறம் பெறுவது சூளையில் கவிழ்த்து அடுக்குவதால். காற்றுப் புகாத உட்புறமும் வாயும் கறுக்கும், காற்றுப் படும் வெளிப்புறம் சிவக்கும்.

பானை ஊர்விட்டு ஊரும் போகும். 1945இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அரிக்கமேட்டில் மத்தியதரைக் கடல் நாட்டு மதுச்சாடிகளின் ஓடுகளைக் கண்டார். பின்னர் வந்த ஆய்வாளர்கள் அச்சாடிகளின் வடிவத்தையும் களிமண்ணையும் கொண்டு எது திராட்சை மதுவைச் சுமந்தது, எது ஒலிவ எண்ணெயைச் சுமந்தது, எது மீன் சாற்றைச் சுமந்தது என்று பிரித்தறிந்தார்கள். எதிர்த்திசையில், எகிப்தின் பெரெனிக்கே துறைமுகத்துக் கோயில் முற்றத்தில் இந்தியச் சேமிப்புத் தாழி ஒன்றில் ஏறத்தாழ 7.5 கிலோ மிளகு அப்படியே கிடைத்தது, காலம் கி.பி. முதல் நூற்றாண்டு.

சங்கப் பாடல்களில் ஊன்சோறும் கள்ளும் வருகின்றனவே, ஓட்டை ஏன் சோதிக்க வேண்டும்?

பாடல் பெரும்பாலும் விருந்தைப் பாடுகிறது. புரவலன் வீட்டில் கிடைத்ததைப் பாணன் மெச்சுகிறான். ஓடு நேற்றைய மீந்த கஞ்சியையும் சேர்த்துச் சுமக்கிறது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பதே முறை. ஒன்றைக் கொண்டு மற்றொன்றை வாய்மூடச் செய்வதில் பயனில்லை.

பழைய மேட்டில் ஓடு கிடந்தால் எடுத்து வரலாமா?

கூடாது. ராக்கிகடிக்கு ஒரு நாள் பயணமாகப் போகும் குடும்பங்களில் குழந்தைகள் ஓடு பொறுக்குவது வழக்கமாகிவிட்டது. மேட்டின் மேல் அவை உண்மையிலேயே இறைந்து கிடக்கின்றன. நூறு ஆண்டுக்கு மேற்பட்ட தொல்பொருள்கள் 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வருகின்றன. பாதுகாக்கப்பட்ட இடங்களிலிருந்து எதையும் அகற்றுவது குற்றம். ஓட்டை அது கிடக்கும் இடத்திலேயே, அளவு தெரிய அருகில் ஒரு நாணயத்தை வைத்துப் படம் எடுங்கள். விளிம்பு, உட்புறம், உடைந்த முனை மூன்றும் படத்தில் வரட்டும். உங்கள் சொந்த ஊரில் கிணறு தோண்டும்போதோ வயலை உழும்போதோ தாழியோ ஓடுகளோ வெளிப்பட்டால், உள்ளே இருக்கும் மண்ணைக் கொட்டாமல், கழுவாமல், வட்டாட்சியருக்கோ மாநிலத் தொல்லியல் துறைக்கோ தெரிவியுங்கள். தாழிக்குள் இருக்கும் அந்த மண்ணில்தான் உமியும் கருகிய தானியமும் இருக்கும்.